பெட்டியைப் பெரிசாக்கும் முன்னால்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. செய்தி மடலுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேச்சில் விட்டுப்போன சில எண்களையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னை அறிமுகம் செய்யும்போது "கம்ப்யூட்டர் நிபுணர்" என்று சொல்லிவிட்டார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். 1982-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே 2019-ல் ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கெடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது. ஆகவே இன்று பேசப்போவது பாடம் இல்லை. நான் கெடுத்த கதை.

எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. வந்து போகிறவர்கள் ஸ்டெபிலைசர் என்று நினைப்பார்கள். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் செங்குத்தாக நிற்கும். மோடத்தோடு ஒரு வயர். வீட்டில் யார் போனில் எடுத்த படமும் வைஃபை வழியாகத் தானே போய் அதில் சேர்ந்துவிடும். இதற்கு நாஸ் என்று பெயர். நான் பெட்டி என்றே சொல்கிறேன். நம் குடியிருப்பில் மட்டும் இப்போது ஏழெட்டு வீடுகளில் இருக்கிறது. அதில் மூன்று வீட்டுக்காரர்கள் "சார், நிறைஞ்சு போச்சு, பெரிசு பண்ணணும், எப்படி?" என்று லிஃப்டில் கேட்டார்கள். லிஃப்டில் மூன்று மாடிக்குள் சொல்லி முடிக்க முடியாததால்தான் இந்தக் கூட்டம்.

2015 டிசம்பரில் நாங்கள் தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தோம். வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப் போனது. அம்மா பேசிய கேசட் ஒன்று இருந்தது. 1994-ல் என் பெண்ணைத் தூங்க வைக்கக் கதை சொல்லும்போது பதிவு செய்தது, 47 நிமிடம். அந்தக் கேசட்டும் போயிற்று. நல்ல வேளையாக 2009-லேயே அதை கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்பது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அந்த மாதம்தான் பெட்டியை வாங்கினேன். இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். இரண்டையும் மிரர் என்ற முறையில் அமைத்தேன். அதாவது ஒன்றில் எழுதுவது அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது ஓடும். இதை வீட்டில் எப்படி விளக்கினேன் தெரியுமா? என் மனைவியிடம், "எல்லாமே ரெண்டு இடத்துல இருக்கு, கவலையே வேண்டாம்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

இரண்டரை வருடத்தில் பெட்டி நிறைந்தது. 4 டெராபைட் என்று வாங்கியது பெட்டியில் 3.63 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், பெட்டி 1024, 1024 ஆகப் பெருக்குகிறது. வருடத்துக்கு 360 நாளா 365 நாளா என்று வட்டிக் கணக்கில் பார்ப்போமே, அந்த மாதிரி. பணம் எங்கேயும் போகவில்லை. 8 வாங்கினால் 7.27 தெரியும், அதை மனதில் வைத்து வாங்குங்கள்.

நிறைந்ததற்குக் காரணம் வீடியோ. இன்றைய போன்களில் 4கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 200 முதல் 400 எம்.பி. வரை வருகிறது. பேரன் பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஏறி இறங்கும் வரை ஓட விட்டால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இடம் போதாமல் நான் ஒரு காரியம் செய்தேன். பெட்டியில் குப்பைத் தொட்டி என்று ஒரு வசதி உண்டு. அழித்த கோப்புகள் கொஞ்ச நாள் அதில் கிடக்கும். அதை நிறுத்திவிட்டேன். 180 ஜி.பி. மிச்சம் கிடைத்தது. வவுச்சர் கட்டு இடத்தை அடைக்கிறது என்று கொளுத்திவிட்டு, அலமாரி காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட மாதிரி.

இப்போது காசிப் படங்களுக்கு வருகிறேன்.

2018-ல் எல்.எஃப்.சி. போட்டு காசி, பிரயாகை, கயா போனோம். என் மனைவியின் அக்காவும் கூட வந்தார். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தமிழ்நாட்டைத் தாண்டிய முதல் பயணம் அதுதான். கடைசிப் பயணமும் அதுதான், 2021-ல் போய்விட்டார். அந்தப் படங்கள் பெட்டியில் "காசி" என்ற பெயரில் இருந்தன. கேமராவில் எடுத்தவை, அறுநூறுக்கு மேல். என் போனில் எடுத்த நாற்பது படம் "காசி புதுசு" என்ற வேறொரு ஃபோல்டரில் இருந்தது. பெயர் வைத்தவன் நான்.

2024 ஜனவரியில் பெட்டி "இடமில்லை" என்று தினமும் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. என் மனைவி நல்ல எண்ணத்தோடு போனில் உட்கார்ந்து சுத்தம் செய்தார். "குட் மார்னிங்" படங்களை எல்லாம் அழித்தார். பிறகு காசி என்று இரண்டைப் பார்த்தார். ரெண்டு இடத்துல இருக்கு என்று நான்தான் சொல்லியிருக்கிறேனே. ரெண்டில் ஒன்றை அழித்தார்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் திதிக்கு ஒரு படம் பெரிதாகப் போடலாம் என்று தேடியபோதுதான் தெரிந்தது. டேட்டா மீட்டுத் தரும் கடைக்கு எடுத்துப் போனேன். அழித்த இடத்தின் மேல் புதுப் படங்கள் எழுதப்பட்டுவிட்டன, வராது என்றார்கள். சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் செய்து, அப்போது வாட்ஸப்பில் நான் அனுப்பியதில் யார் யாரிடம் என்ன மிச்சம் என்று கேட்டு வாங்கினேன். பதினான்கு படம் கிடைத்தது. வாட்ஸப் சுருக்கிய படங்கள், பெரிதாகப் போட்டால் முகம் கலங்குகிறது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. "ரெண்டு இடத்துல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மிரர் என்றால் கண்ணாடி. கண்ணாடி முன் நின்று நீங்கள் சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பவரும் கழற்றுவார். நீங்கள் அழித்தால் அதுவும் அழிக்கும், அதே நொடியில். இப்படிப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறைகளுக்கு ரெய்டு என்று பெயர். 1988-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரையில் வந்தது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்னச் சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டலாம், அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. கை தவறி அழித்ததையும் திருப்பித் தரும் என்று அவர்கள் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

சரி, பெட்டியைப் பெரிசாக்குவது என்று முடிவு செய்தேன். அப்போது இரண்டு வழி இருந்தது. நான்கு டிஸ்க் போடும் பெட்டி வாங்கலாம். அதில் ரெய்டு ஐந்து என்ற முறையில் நான்கு 4 டெராபைட் போட்டால் 12 கிடைக்கும், ஒரு டிஸ்க்கின் அளவு காப்புக்குப் போய்விடும். பின்னால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் வசதி. ஆனால் பெட்டிக்கே தனிச் செலவு. இரண்டாவது வழி, இருக்கிற பெட்டியிலேயே 4-ஐ எடுத்துவிட்டு 8 போடுவது. ஒரு டிஸ்க்கை எடுத்துப் புதுசைப் போட்டால், பழையதிலிருந்து புதியதற்குப் பெட்டியே எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். இதற்கு ரீபில்ட் என்பார்கள். அது முடிந்ததும் இரண்டாவதையும் அப்படியே மாற்றி, கடைசியில் இடத்தை விரித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மிரரில் இரண்டில் சின்னது எதுவோ அந்த அளவுதான் கிடைக்கும். ஒன்றை மட்டும் 8 ஆக்கி நிறுத்தினால் நயா பைசா கூடாது. நம் குடியிருப்பில் ஒருவர் அப்படித்தான் செய்துவிட்டு ஆறு மாதமாக "பெரிசே ஆகலையே" என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லமாட்டேன், முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள். சி.எம்.ஆர். என்று ஒரு வகை, எஸ்.எம்.ஆர். என்று ஒரு வகை. விலையில் எஸ்.எம்.ஆர். பெரும்பாலும் கொஞ்சம் மலிவு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. எஸ்.எம்.ஆரில் தகவல் எழுதும் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். இடம் மிச்சம். ஆனால் கூரையில் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும் அல்லவா? அதேதான். படம் எழுதி வைத்து எப்போதாவது பார்க்க அது போதும். ரீபில்ட் மாதிரி மணிக்கணக்கில் நிறுத்தாமல் எழுதும் வேலைக்கு வந்தால் திணறும், நாள் கணக்கில் இழுக்கும். 2020-ல் நாஸ் பெட்டிக்கென்றே விற்ற சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். என்பது வெளியே தெரிந்து பெரிய சச்சரவு ஆனது. அதன் பிறகு எந்த மாடல் எந்த வகை என்று கம்பெனிகளே பட்டியல் போடுகின்றன. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒரு டிஸ்க் இருபதாயிரத்துக்கு மேல் ஆகிறது, அவசரப்பட வேண்டாம்.

நான் இதையெல்லாம் படித்து, சரியாகவே வாங்கினேன். கோட்டை விட்டது வேறு இடத்தில்.

2024 மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணி. முதல் 4 டெராபைட்டை எடுத்தேன். தினத்தாளில் சுற்றி பீரோவில் வைத்தேன். புது 8-ஐச் செருகினேன். பெட்டி ரீபில்ட் தொடங்கியது. திரையில் சதவீதம் ஓடியது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்தால் பெட்டி பீப், பீப் என்று கத்திக்கொண்டிருக்கிறது. 61 சதவீதத்தில் நின்றுவிட்டது. உள்ளே மிச்சமிருந்த பழைய டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று செய்தி.

அந்த டிஸ்க் முந்தின நாள் வரை நன்றாகத்தானே ஓடியது? ஓடியது. நாம் தினமும் தொடுவது மேலாக நாலு ஃபோல்டர். மற்றதை யார் திறந்து பார்க்கிறார்கள்? எங்கள் கிளையில் ரெக்கார்டு ரூம் இருந்தது. பழைய லெட்ஜர்கள் அட்டையோடு கம்பீரமாக நிற்கும். ஒருமுறை கோர்ட்டுக்குத் தேவை என்று ஒன்றை இறக்கினோம். அட்டைக்குள் பாதி ஏட்டை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பூச்சி எப்போது தின்றது என்று யாருக்குத் தெரியும்? இறக்கிய அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரீபில்ட் என்பது ரெக்கார்டு ரூமில் உள்ள எல்லா லெட்ஜரையும் ஒரே ராத்திரியில் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை புரட்டும் வேலை. மறைந்திருந்த பழுதெல்லாம் அன்றுதான் வெளியே வரும். அந்த ராத்திரியில்தான் நம் கையில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. நாமே ஒன்றைக் கழற்றிவிட்டோமே. பெட்டி வாங்கியதிலிருந்து அதற்கு மிக ஆபத்தான நாள், நாம் அதைப் பெரிசாக்கும் நாள்தான். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றிய விவரம்.

இன்னொன்றும் உண்டு. என் இரண்டு டிஸ்க்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. ஒரே வெயிலில் ஒரே அளவு ஓடியவை. ஒன்றுக்கு மூப்பு வந்தால் மற்றதற்கும் வந்திருக்கும். இப்போது நான் இரண்டு கடையில், இரண்டு மாத இடைவெளி விட்டு வாங்குகிறேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். அவன் இந்தத் துறையில் இருக்கிறான். முதல் கேள்வியே, "மாமா, கழட்டின டிஸ்க் எங்க?"

"பீரோவுல இருக்கு."

"எதையாவது பண்ணினீங்களா அத?"

"இல்லப்பா. இன்னிக்கு ஃபார்மட் பண்ணிப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

கொஞ்ச நேரம் அவன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "பீரோவப் பூட்டி சாவிய அத்தைகிட்ட கொடுங்க. பெட்டிய ஆஃப் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றான்.

அடுத்த சனிக்கிழமைதான் அவனால் வர முடிந்தது. அந்த ஆறு நாளும் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் 47 நிமிடமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. 2009-ல் ஏற்றிய பழைய கம்ப்யூட்டரை, "அதான் பெட்டியில இருக்கே" என்று எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தேன். காசிப் படம் போனபோது என் மனைவி இருந்த நிலை எனக்கு அந்த ஆறு நாளில் புரிந்தது.

வந்தான். கழற்றிய டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டித் தன் லினக்ஸ் லேப்டாப்பில் திறந்தான், படிக்க மட்டும், எழுத முடியாத மாதிரி வைத்து. எல்லாம் இருந்தது. 8 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து அதில் முழுவதும் எடுத்தோம். மூன்றரை டெராபைட், ஒன்பது மணி நேரம். நான் முதலில் திறந்து கேட்டது அம்மாவின் குரல். பிறகுதான் சாப்பிட்டோம். அதன் பிறகு பெட்டியில் இரண்டு புது 8-ஐயும் போட்டுப் புதிதாக மிரர் அமைத்து, வெளி டிஸ்க்கிலிருந்து திருப்பி ஏற்றினோம்.

ஆகவே நீங்கள் செய்யும்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வேலை வெளியே ஒரு முழுப் பிரதி எடுப்பது. எடுத்ததோடு விடாதீர்கள், அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, நடுவிலிருந்து இருபது முப்பது கோப்புகளைத் திறந்து பாருங்கள். எங்கள் கிளையில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த புதிதில் தினமும் ஃப்ளாப்பியில் பிரதி எடுப்போம். ஒன்று ஸ்ட்ராங் ரூமில், ஒன்று பக்கத்துக் கிளையில். ஒரு நாள் மெஷின் படுத்துக்கொண்டபோது ஸ்ட்ராங் ரூம் ஃப்ளாப்பியைப் போட்டால் அது வெறும் ஃப்ளாப்பி! எத்தனை நாளாக அப்படி என்று தெரியாது. டேலி பார்க்காத பிரதியை நான் அன்றிலிருந்து பிரதி என்று கணக்கில் எடுப்பதில்லை.

பிரதி சரி என்று தெரிந்த பின், பழைய டிஸ்க் இரண்டுக்கும் பெட்டியிலேயே ஸ்மார்ட் சோதனை நடத்துங்கள். சுருக்கச் சோதனை வேண்டாம், நீண்டது. பல மணி நேரம் ஆகும். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர், மாற்றி ஒதுக்கிய செக்டர் என்று இரண்டு எண்கள் வரும். இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. ஒரு டிஸ்க்கில் எண் ஏறியிருந்தால் அதைத்தான் முதலில் வெளியே எடுக்க வேண்டும், நல்லதை உள்ளே விட வேண்டும். நான் பார்க்காமல் நல்லதைக் கழற்றிவிட்டுப் பழுதை உள்ளே விட்டேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றியதைக் குறைந்தது ஒரு மாதம் தொடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையன் காத்திருப்பான். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தானே புரட்டிப் பார்க்கும் ஸ்க்ரப் என்ற வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அதை ஓடவிடுங்கள். குப்பைத் தொட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

கரண்ட் விஷயம் நம் குடியிருப்புக்கே உரியது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கப் பத்து இருபது நொடி ஆகிறது. நமக்கு அது ஒரு கொட்டாவி. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அப்படி இல்லை. சின்ன யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வையுங்கள். யு.எஸ்.பி. வயர் உள்ளதாக வாங்கினால், பேட்டரி தீரும் முன் அதுவே பெட்டிக்குச் சொல்லி ஒழுங்காக அணைக்க வைக்கும். வெயிலும் அப்படித்தான். பெட்டியைப் பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்க வேண்டாம். நான் மே மாதத்தில் ரீபில்ட் செய்ததும் ஒரு அசட்டுத்தனம்தான், டிசம்பருக்குக் காத்திருந்திருக்கலாம். கரண்ட் செலவு எவ்வளவு என்று பொருளாளர் கேட்பார். என் பெட்டி சுமார் 18 வாட். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட் வருகிறது.

வெளியூரிலிருந்து போனில் படம் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் வழி திறந்துவிடுகிறவர்கள் இங்கே இருந்தால், இன்று ராத்திரியே மூடிவிடுங்கள். 2022-ல் டெட்போல்ட் என்ற ஒன்று, இப்படி இணையத்துக்கு நேரே திறந்திருந்த வீட்டுப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, உள்ளே இருந்ததை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. மிரரில் இருந்தால் இரண்டுமே பூட்டுத்தான்.

இப்போது என் ஏற்பாடு இப்படி. பெட்டியில் மிரர். அந்த வெளி டிஸ்க்குக்கு ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்று இங்கே பீரோவில், ஒன்று திருச்சியில் என் தங்கை வீட்டில், கடவுச்சொல் போட்டுப் பூட்டி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறேன். எதிர் வீட்டில் வைத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். தீயோ வெள்ளமோ எதிர் வீட்டை விட்டுவிட்டு வராது.

ஒரு உறையும் இருக்கிறது. பெட்டியின் கடவுச்சொல், டிஸ்க்கின் கடவுச்சொல், எது எங்கே இருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம். லாக்கரில் வைத்து என் மனைவியிடமும் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன். நாமினேஷன் போடாத கணக்குக்கு வீட்டுக்காரம்மா கவுண்டருக்கு வந்து நிற்பதை முப்பத்தேழு வருடம் பார்த்தவன். பெட்டி முழுக்கப் படம் இருந்து திறக்க ஆள் இல்லை என்றால் அதுவும் அந்த மாதிரிதான்.

கடைசியில் சிலர் கேள்வி கேட்டார்கள். மாதச் சந்தா கட்டி க்ளவுடில் வைத்தால் போதாதா என்றால், மூன்றாவது பிரதிக்கு அது நல்ல இடம், திருச்சியில் தங்கை இல்லாதவர்களுக்கு முக்கியமாக. ஆனால் அங்கேயும் போனில் அழித்தால் அங்கும் அழியும் விதமாகத்தான் பல சேவைகள் வருகின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 8-க்குப் பதில் 16 வாங்கலாமா என்று இன்னொருவர். முதலில் "குட் மார்னிங்" படங்களை அழியுங்கள். ஆனால் ஃபோல்டர் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டு.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது முதல் தளத்து அம்மா ஒருவர் வந்து, தன் கணவர் பேசிய கேசட் நாலு இருக்கிறது, எனக்கு மாற்றித் தருவீர்களா என்று கேட்டார். தருகிறேன். என்னிடம் டெக் இருக்கிறது. வேறு யாரிடம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், டேப் அறுந்துவிடும். அப்படியே எடுத்து வாருங்கள்.